ஏழு பேருக்கு ஒரே கதவு: சின்னப் பிள்ளைகளோடு தங்க இடம் தேடிய அனுபவம்

பெரிய குடும்பமாகப் போகிறவர்கள் ஹோட்டலுக்குப் போன் எடுத்தால் முதலில் கேட்க வேண்டியது எத்தனை கட்டில் இருக்கிறது என்று இல்லை, கட்டில் போக எவ்வளவு தரை மிஞ்சும் என்றுதான். நாலு பிள்ளைகளையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு பல வருசமாகப் பாசிக்குடா, அறுகம்பை, திருகோணமலை, நுவரெலியா என்று போய் வந்ததில் எனக்குப் பிடிபட்டது இதுதான். நாங்கள் இலங்கையின் கிழக்கே மட்டக்களப்பில் கல்லடியில் இருக்கிறோம். பெரியவனுக்கு 12 முடிந்துவிட்டது, கடைக்குட்டி இன்னும் போத்தலில் பால் குடிக்கிறாள், நடுவில் இரண்டு பேர். வீட்டில் எப்படியும் பாதிப் பேர் பாயில்தான் படுக்கிறோம், ஹோட்டலுக்குப் போனால் மட்டும் ஆளுக்கொரு கட்டில் என்று கணக்குப் போட்டு மூன்று றூமுக்குக் காசு கட்டுவது மாதச் சம்பளத்தில் ஓடும் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது.

காசை விடுங்கள், கதவு அதைவிடப் பெரிய விஷயம். இரண்டு றூம் எடுத்தால் ஒன்று கீழே, ஒன்று மேலே என்று தருவார்கள். இரவில் சின்னவள் எழும்பி அழுதால் பால்மா ஒரு றூமில், சுடுதண்ணிப் போத்தல் மற்ற றூமில் இருக்கும். அம்மாவைத் தனியாக ஒரு றூமில் விடவும் மனம் வராது, அவவுக்கு இரவில் எழும்பி நடக்க ஆள் துணை வேண்டும். எல்லாரும் ஒரே கதவுக்குள் இருந்தால்தான் எனக்கு நித்திரை வரும். இடைக்கதவு உள்ள இரண்டு றூம் என்றாலும் பரவாயில்லை, ஆனால் அப்படியானது பெரிய ஹோட்டல்களில்தான் இருக்கிறது, விலையும் அதற்கேற்ற மாதிரி.

றூம் புக் பண்ணும் ஆப்களான புக்கிங்.காம், அகோடா இரண்டையும் நிறையப் பாவித்துவிட்டேன். பெரியவர்கள் 3, பிள்ளைகள் 4 என்று போட்டு வயதையும் கொடுத்தால் பட்டியல் அப்படியே சுருங்கிவிடும். மிஞ்சுவது இரண்டு மூன்று றூமைச் சேர்த்துக் காட்டும் விலை, இல்லாவிட்டால் முழு வில்லா. இதற்குக் காரணம் இடமில்லை என்பது இல்லை. ஒவ்வொரு றூமுக்கும் அதிகபட்சம் இத்தனை பேர் என்று ஓனர்தான் பதிய வேண்டும், சின்ன கெஸ்ட் ஹவுஸ்காரர் பலர் எல்லாவற்றுக்கும் இரண்டு அல்லது மூன்று என்று போட்டுவிட்டு விட்டுவிடுகிறார்கள். இரண்டு டபுள் கட்டில் போட்டு நடுவில் பிள்ளைகள் ஓடி விளையாடக்கூடிய றூமும் ஆப்பில் மூன்று பேர் றூமாகத்தான் நிற்கும். அதனால் நான் ஆப்பை இடம் கண்டுபிடிக்க மட்டும் பாவிக்கிறேன். இரண்டு பேர் என்று போட்டு வரைபடத்தில் எந்தெந்த இடம் இருக்கிறது என்று பார்ப்பேன், பிறகு கூகுள் மேப்பில் போய், தங்கிவிட்டு வந்தவர்கள் போட்ட படங்களைப் பார்ப்பேன். ஹோட்டல்காரர் போடும் படத்தில் பாத்ரூம் எப்போதும் பளபளவென்றுதான் இருக்கும், சனங்கள் போடும் படத்தில்தான் தரை, சுவர், படி எல்லாம் உண்மையாகத் தெரியும். அப்புறம் போன். ஆப்பில் இரண்டு பேருக்கு புக் பண்ணிவிட்டு ஏழு பேராகப் போய் இறங்கலாம் என்று சிலர் சொல்வார்கள், அது வேண்டவே வேண்டாம். இரவு எட்டு மணிக்கு நித்திரைத் தூக்கத்தில் நிற்கும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு கவுண்டரில் வாதாட முடியாது, இடமில்லை என்று சொல்ல அவர்களுக்கு உரிமையும் இருக்கிறது.

போனில் எல்லாவற்றையும் திறந்து சொல்லிவிடுவதுதான் எங்களுக்குச் சரிவந்தது. கல்குடாப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸ்காரரோடு இப்படித்தான் பேசினேன்.

“தம்பி, மூன்று பெரியாக்கள், நாலு பிள்ளைகள். பெரியவனுக்குப் பன்னிரண்டு, மற்றவங்களுக்கு ஒன்பது, ஐந்து, கடைசிக்கு ஒன்றரை. ஒரே றூமில படுக்க ஏலுமா?”

“ரெண்டு றூம் எடுங்களன் அக்கா, வசதியா இருக்கும்.”

“வசதி எங்களுக்கு ஒண்டா இருக்கிறதுதான் தம்பி. கட்டில் ரெண்டையும் சுவரோட ஒட்டிப் போட்டு, கீழ ரெண்டு மெத்தை தந்தா காணும்.”

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “மேல ஒரு பெரிய றூம் இருக்கு அக்கா. சொந்தக்காரர் வந்தா குடுக்கிறது, ஆப்பில போடல்ல. அதத் தாறன், மெத்தைக்குத் தனிக் காசு வேணாம்” என்றார்.

இந்த மாதிரி ஆப்பில் போடாத றூம் கிழக்கில் நிறைய இடங்களில் இருக்கிறது. வீட்டோடு சேர்த்துக் கட்டின மேல்மாடி, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்காகக் கட்டி ஆள் இல்லாமல் கிடக்கும் பகுதி. கேட்டால்தான் கிடைக்கும். போனில் பேசினால் உள்ளூர் ஆட்களுக்கான விலையும் சொல்வார்கள், ஆப்பில் டொலர்க் கணக்கில் நிற்கும் விலையை அப்படியே நம்பிவிடாதீர்கள்.

“பேமிலி றூம்” என்ற சொல்லை மட்டும் நம்பி அட்வான்ஸ் அனுப்பக்கூடாது. ஒரு இடத்தில் பேமிலி றூம் என்று சொல்லித் தந்தது ஒரு டபுள் கட்டிலும் ஒடுக்கமான ஒரு ஒற்றைக் கட்டிலும்தான், கதவைத் திறந்தால் கட்டிலில் இடிக்கும், பாய் விரிக்க ஒரு சாண் இடமில்லை. அம்மா நாற்காலியில் இருந்தபடியே பாதி இரவைக் கழித்தா. அதற்குப் பிறகு றூமை வீடியோ எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறேன், கதவடியில் நின்று ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தால் போதும். அனுப்ப மாட்டேன் என்று சொல்லும் இடத்துக்கு நாங்கள் போவதில்லை.

அந்த வீடியோவில் நான் பார்ப்பது டீவியையோ ஏசியையோ இல்லை. முதலில் நுளம்பு வலை. கட்டிலுக்கு நேர் மேலே கூரையில் ஒரு கொக்கி, அதில் ஒரு வட்ட வலை, இதுதான் வழமை. இரண்டு கட்டிலைச் சேர்த்தால் வலை ஒன்றைத்தான் மூடும், மற்றதில் படுக்கிற பிள்ளையின் கால் விடியும்போது தடித்துச் சிவந்திருக்கும். தரையில் மெத்தை போட்டால் அதற்கு வலையே கிடையாது. மழைக்குப் பிறகு மட்டக்களப்பில் டெங்கு எப்படிப் பரவும் என்பது இங்கே உள்ளவர்களுக்குத் தெரியும், அதனால் நாங்கள் பெரிய சதுர வலை ஒன்றும் நைலோன் கயிறும் கொண்டுதான் போகிறோம். ஜன்னல் கம்பியில் ஒரு முனை, அலுமாரிக் கைப்பிடியில் ஒரு முனை என்று கட்டிவிட்டால் தரையில் நாலு பேர் உள்ளே படுக்கலாம். இரண்டு மெத்தைக்கு நடுவில் விழும் இடைவெளியையும் பாருங்கள், சின்னப் பிள்ளை அதற்குள் வழுகிப் போகும், ஒரு போர்வையை இறுக்கி மடித்து அந்தப் பள்ளத்தில் அடைத்து மேலே விரிப்பை விரித்தால் சரி.

அடுத்தது பல்கனி. மேல்மாடி என்றால் கம்பிக்குக் கம்பி இடைவெளியைக் கேட்டே ஆக வேண்டும். குறுக்குக் கம்பி போட்ட பல்கனி ஐந்து வயதுக்காரனுக்கு ஏணி மாதிரி. பாத்ரூமில் உள் கொண்டி உயரத்தில் இருக்க வேண்டும், கீழே இருந்தால் பிள்ளை உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டு திறக்கத் தெரியாமல் கத்தும். இதையெல்லாம் கேட்டால் சிலர் சலித்துக்கொள்வார்கள், கேளுங்கள்.

காசுக் கணக்குக்கு வருகிறேன். பிள்ளைகள் வளர வளர ஒரே இடத்தில் பில் ஏறும். பல ஹோட்டல்களில் ஐந்து ஆறு வயதுக்குக் கீழே இலவசம், அதிலிருந்து 12 வரை அரை விலை, அதற்கு மேல் பெரியவர் கணக்கு. எல்லை வயது இடத்துக்கிடம் மாறும் என்பதால் “சின்னப் பிள்ளைகள்” என்று பொதுவாகச் சொல்லாமல் வயதை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். இந்த வயதுக் கணக்கு பெரும்பாலும் சாப்பாட்டில்தான் கடிக்கிறது. இரவுச் சாப்பாடும் சேர்ந்த பக்கேஜ் என்றால் தலைக்கு இவ்வளவு என்று போடுவார்கள், எங்கள் ஒன்பது வயதுக்காரி இரண்டு கரண்டி சோறும் ஒரு துண்டு பொரியலும் தின்பதற்கு அரை ஆள் காசு போகும். றூம் மட்டும் எடுத்தால் பிள்ளைகளின் வயது பில்லில் வருவது குறைவு.

பெரிய ஹோட்டலில் சொல்லும் விலைக்குப் பின்னால் “பிளஸ் பிளஸ்” என்று ஒன்று வரும், அதைக் கவனிக்க வேண்டும். 20,000 ரூபாய் என்று சொன்னால் அதற்கு மேல் 10 வீதம் சேர்விஸ் சார்ஜ், அதோடு 22,000 ஆகும், அந்தத் தொகைக்கு 18 வீதம் வற் வரி, ஆக 25,960. இரண்டு றூம் என்றால் 51,920. 40,000 என்று மனதில் வைத்துக்கொண்டு போனவருக்கு கிட்டத்தட்ட 12,000 கூட. 2024 ஜனவரியில் வற் 15 இலிருந்து 18 வீதமானபோது இந்த வித்தியாசம் இன்னும் கூடியது. வற் பதிவில் இல்லாத சின்ன இடங்களில் பெரும்பாலும் சொன்ன விலைதான் விலை.

பாசிக்குடாவைப் பற்றி எனக்கு எப்போதும் நல்ல அபிப்பிராயம்தான். குடா வளைந்து உள்வாங்கி இருப்பதால் அலை அடங்கிக் கிடக்கும், கரையிலிருந்து வெகுதூரம் நடந்து போனாலும் தண்ணி இடுப்பளவைத் தாண்டாது, சின்னப் பிள்ளைகளை இறக்க நாட்டிலேயே இதைவிட நல்ல கடலை நான் காணவில்லை. போருக்குப் பிறகு வந்த பெரிய ஹோட்டல்கள் எல்லாம் கரையை ஒட்டி நிற்கின்றன. ஆனால் பிள்ளைகள் கடலில் நிற்பது காலையிலும் பின்னேரமும்தான், நடு வெயிலில் றூமுக்குள்தான் இருக்க வேண்டும், அதற்குக் கடல் தெரியும் ஜன்னல் எதற்கு? உள்ளே கல்குடா, வாழைச்சேனைப் பக்கம் தங்கி ஓட்டோவில் கரைக்கு வந்து போனால் விலை நன்றாகக் குறைகிறது.

அறுகம்பையை சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நான் அவ்வளவாகச் சொல்ல மாட்டேன். அது சேர்ஃப் (அலைச்சறுக்கு) அடிக்க வருகிறவர்களின் ஊர், ஜூன் முதல் செப்டம்பர் வரை விலையும் அவர்களுக்கானது, கபானா என்ற சின்னக் குடில்கள் இரண்டு பேருக்கு அளவெடுத்துக் கட்டினவை. உகந்தை முருகனுக்குப் போகும் வழியில் ஒரு இரவு தங்க வேண்டி வந்தால் பொத்துவில் டவுனில் பாருங்கள். நுவரெலியாவில் ஹோட்டலே வேண்டாம், முழு பங்களாவாக எடுத்து இன்னொரு குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டால் தலைக்கு வரும் காசு குறைவு, சமைக்கவும் ஆள் இருப்பார், சாமானை நாங்கள் வாங்கிக் கொடுத்தால் போதும். ஏப்ரல் சீசனில் மட்டும் அந்தப் பக்கம் தலை வைக்காதீர்கள்.

காலம்தான் எங்களுக்குச் சிக்கல். ஏப்ரல், ஆகஸ்ட் லீவு இரண்டும் கிழக்குக் கடலின் நல்ல காலத்தில் விழுகின்றன, விலையும் உச்சம். டிசம்பரில் இங்கே மழையும் வெள்ளமும், அப்போது தெற்கில் வெளிநாட்டுக்காரர் சீசன். லீவுக்குள்ளேயே வெள்ளி, சனி இரவை விட்டு ஞாயிறு போய்ச் செவ்வாய் திரும்பினால் பேரம் பேச இடம் கிடைக்கிறது, நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். காத்தான்குடியில் இருக்கும் என் தோழிக்கு முஸ்லிம் பள்ளிக்கூடங்களின் நோன்பு லீவு வேறு காலத்தில் வருவதால் பெருநாள் முடிந்த கையோடு போவாள், அவளுக்கு எப்போதும் எங்களைவிட நல்ல விலை.

வான் பிடித்துப் போகிறவர்கள் ட்றைவர் படுக்க இடம் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள், பெரிய ஹோட்டல்களில் தனியாக வைத்திருப்பார்கள், சின்ன இடங்களில் வாகனத்துக்குள்தான் படுக்க வேண்டி வரும், அது பாவம். இரவில் சுடுதண்ணி கிடைக்குமா, கேத்தல் றூமில் இருக்குமா என்பதும் கைக்குழந்தைக்காரர் கேட்க வேண்டியது.

எல்லாம் பேசி முடித்த பிறகு அதை அப்படியே வட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, “சரி” என்று பதில் வாங்கிவிட்டுத்தான் அட்வான்ஸ் போட வேண்டும். எத்தனை பேர், பிள்ளைகளின் வயது, எத்தனை மெத்தை, வரியோடு மொத்தம் எவ்வளவு. போனில் பேசினவர்தான் கவுண்டரில் நிற்பார் என்று இல்லை. கடைசியாகப் போன இடத்தில் வேறொருவர் நின்றார், கீழே போடும் மெத்தைக்குத் தனிக் காசு என்றார், நான் மெசேஜைத் திறந்து காட்டினேன், வாசித்துப் பார்த்துவிட்டு “சரி அக்கா” என்று மெத்தை இரண்டையும் மேலே அனுப்பிவிட்டார்.