மாடியில் குடிவைத்தவர் என்னைப் ‘பெரியப்பா’ என்று அழைத்தார்: வீட்டோடு இருந்து வாடகைக்கு விடுவோருக்கு ஓர் எச்சரிக்கை

கீழ்த்தளத்தில் நானும் என் மனைவியும் வசித்துக்கொண்டு, மாடியில் உள்ள இரண்டு அறைகளை வாடகைக்கு விட்டு வருகிறோம். ஒரே வாசல், ஒரே படிக்கட்டு, ஒரே தண்ணீர்த் தொட்டி என்றிருக்கும் வீட்டில் என் கண்ணுக்குத் தப்பி எதுவும் நடந்துவிடாது என்று பல ஆண்டுகள் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையையே பிடிமானமாகக் கொண்டு ஒருவர் என்னையும், என்னைவிட மோசமாக மூன்று இளைஞர்களையும் ஏமாற்றிவிட்டுப் போய்விட்டார். என்னைப் போல் சிறிய அளவில் வீட்டை வாடகைக்கு விடுபவர்கள் இந்த வழியில் சிக்கிவிடக் கூடாது என்பதற்காக நடந்ததை எழுதுகிறேன்.

தரகர் ஒருவர் அழைத்து வந்தார். பணிவான பேச்சு, மனைவியும் குழந்தையும் பள்ளி ஆண்டு முடிந்ததும் வந்துவிடுவார்கள் என்றார். முன்பு குடியிருந்த வீட்டின் உரிமையாளருடையது என்று ஒரு கைபேசி எண்ணைத் தானாகவே கொடுத்தார். நானும் அழைத்தேன், மறுமுனையில் பேசியவர் அவரை வாயாரப் புகழ்ந்தார். அது அவருடைய நண்பரின் எண் என்பது எல்லாம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. எந்த மாதம் காலி செய்தார், வாடகை எவ்வளவு, முன்பணத்தில் ஏதாவது பிடித்தம் உண்டா என்று இருவரிடமும் தனித்தனியே கேட்டு ஒப்பிட்டிருந்தால் அன்றே குட்டு வெளிப்பட்டிருக்கும். நான் கேட்டதோ ‘ஆள் எப்படி?’ என்ற ஒரே கேள்வி. அதற்கு யாராலும் பதில் சொல்லிவிட முடியும்.

ஒப்பந்தம் ஒரே தாள். வாடகைத் தொகை, மூன்று மாத வாடகைக்கு ஈடான முன்பணம், காலி செய்ய ஒரு மாத முன்னறிவிப்பு ஆகியவை மட்டுமே அதில் இருந்தன. மாடியில் தங்கப்போகிறவர்கள் யார் யார், விருந்தினர் எத்தனை நாள் தங்கலாம், உள்வாடகைக்கு விடலாமா, முன்பணத்தை வாடகையில் கழிக்கலாமா, எத்தனை நாளுக்கு ஒருமுறை முன்கூட்டிச் சொல்லிவிட்டு நான் வந்து பார்வையிடலாம் என்று எதையும் எழுதவில்லை. தினமும் முகம் பார்க்கப்போகும் ஒருவரிடம் இவ்வளவு கறாராக எழுதி வாங்குவது அநாகரிகம் என்று கூச்சப்பட்டேன். உண்மையில் தள்ளி வசிக்கும் உரிமையாளரைவிட எனக்குத்தான் இவை அதிகம் தேவைப்பட்டன. ஒரே வீட்டில் இருப்பவரிடம் பின்னால் மனம் கசந்து பேசுவது இன்னும் கடினம் அல்லவா?

இரண்டாவது வாரத்திலிருந்து அவர் என்னைப் ‘பெரியப்பா’ என்று அழைக்கத் தொடங்கினார். எனக்கு அது பிடித்திருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஒரு மாதம் கழித்து மூன்று இளைஞர்கள் பெட்டிகளுடன் வந்தபோது, ‘சித்தி வீட்டுப் பையன்கள், பெரியப்பா, பயிற்சி முடிகிற வரைக்கும் இரண்டு மாதம் இருப்பார்கள்’ என்று வாசலிலேயே நிறுத்தி அறிமுகம் செய்தார். அந்தப் பையன்களும் என்னைப் பெரியப்பா என்றே அழைத்தார்கள். ஒழுக்கமான பிள்ளைகள், என்னைக் கண்டால் ஒதுங்கி வழிவிடுவார்களே தவிர, நின்று பேசமாட்டார்கள். கூச்ச சுபாவம் என்று எண்ணிக்கொண்டேன். இரண்டு மாதம் முடிந்தும் அவர்கள் போகவில்லை, நானும் கேட்கவில்லை.

சந்தேகம் முதலில் மின்கட்டணத்தில்தான் முளைத்தது. எங்கள் வீட்டில் பிரதான மீட்டர் மொத்த மின்சாரத்தையும் அளக்கும். மாடிக்கு மட்டும் ஒரு துணை மீட்டர் உண்டு. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவது எங்கள் செலவு. படிக்கட்டு விளக்கும் தண்ணீர் மோட்டாரும் துணை மீட்டருக்கு முன்பே பிரிந்துவிடுவதால் அவை எங்கள் கணக்கில் சேரும். மாதம் 130 யூனிட் அளவில் இருந்த எங்கள் பங்கு 240 ஆனது. மாடியில் நான்கு பேர் இருந்தும் துணை மீட்டர் 70 யூனிட்டைத் தாண்டவில்லை. குளிர்சாதனப் பெட்டி பழுதாகியிருக்குமோ என்று அதைச் சோதிக்க ஆள் வைத்து வேறு செலவு செய்தேன்.

பிறகு ஒரு நாள் காலையில் எங்கள் பகுதியின் பிரேக்கர்கள் அனைத்தையும் அணைத்துவிட்டு மீட்டர் முன்னால் நின்றேன். மின்னணு மீட்டரின் முகப்பில் ஒரு சிறு விளக்கு விட்டுவிட்டு ஒளிரும். ஒரு யூனிட்டுக்கு அது எத்தனை முறை ஒளிரும் என்பது மீட்டரிலேயே அச்சிடப்பட்டிருக்கும். எங்களுடையது 1600. ஒரு நிமிடத்தில் 80 முறை ஒளிர்ந்தது. அப்படியானால் ஒரு மணி நேரத்துக்கு 4800 முறை, அதாவது 3 யூனிட். அந்த நேரத்தில் 3 கிலோவாட் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பக்கத்திலிருந்த துணை மீட்டரின் விளக்கோ எப்போதாவதுதான் கண் சிமிட்டியது. துணை மீட்டர் வைத்திருப்பவர்கள் மாதம் ஒருமுறையாவது இப்படி நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். இதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை.

மின்பணியாளர் வந்து படிக்கட்டு விளக்கின் இணைப்பிலிருந்து மாடி அறைக்குள் ஒரு வயர் திருப்பிவிடப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்தார். தண்ணீர் சூடேற்றியும் மின்னடுப்பும் அதில்தான் ஓடின. பணம் போனதைவிட என்னை நடுங்க வைத்தது வேறொன்று. 3 கிலோவாட் என்றால் 230 வோல்ட் இணைப்பில் 13 ஆம்பியர் மின்சாரம். அந்த வயரோ ஒரு விளக்குக்காக இழுக்கப்பட்ட மெல்லிய வயர். இவ்வளவு சுமையில் ஃப்யூஸ் உருகியிருக்க வேண்டுமே என்று படிக்கட்டுக்கு அடியில் இருந்த பெட்டியைத் திறந்தால், ஃப்யூஸ் கம்பிக்குப் பதிலாகத் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருந்தார். வயரின் மேலுறை பல இடங்களில் கறுத்து, தொட்டால் உதிர்ந்தது. அந்தப் படிக்கட்டுக்கு மறுபுறச் சுவரை ஒட்டித்தான் நாங்கள் உறங்குகிறோம்.

கேட்டபோது அவர் பதறவில்லை. ‘ஒரு வயருக்காகவா பெரியப்பா இவ்வளவு பேசுகிறீர்கள்?’ என்றார். அந்த மாதம் முதல் வாடகை வரவில்லை. முன்பணத்தில் கழித்துக்கொள்ளச் சொன்னார். மாடிக்குப் போகும் மின்சாரத்தை முழுவதும் துண்டித்துவிடலாம் என்று கை பரபரத்தது. வழக்கறிஞர் ஒருவர் என்னைத் தடுத்தார். சட்டம் நாட்டுக்கு நாடு மாறினாலும், குடியிருப்பவரின் தண்ணீரையும் மின்சாரத்தையும் தாமாக நிறுத்துவதும் பூட்டை மாற்றுவதும் பெரும்பாலான இடங்களில் உரிமையாளரையே குற்றவாளி ஆக்கிவிடும் என்று விளக்கினார். ஆபத்தான அந்த ஒரு வயரை மட்டும் மின்பணியாளரைக் கொண்டு அகற்றச் செய்து, அகற்றுவதற்கு முன்னும் பின்னும் தேதியுடன் படமெடுத்து, காலி செய்யும்படி எழுத்துமூலமான அறிவிப்பைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அறிவிப்பு மாடிக்கே போய்ச் சேர வேண்டியதுதான் என்றாலும், நேரில் கொடுத்தால் வாங்கவே இல்லை என்று சொல்லிவிடுவார் என்பதால் அப்படிச் செய்தேன்.

மூன்றாவது மாத முடிவில், நாங்கள் இரண்டு நாள் வெளியூர் சென்றிருந்தபோது அவர் தம்முடைய பொருள்களுடன் போய்விட்டார். கைபேசி அணைக்கப்பட்டிருந்தது. முன்பணம் முழுவதும் வாடகை பாக்கிக்கே சரியாகிவிட்டது. வயரிங் மாற்றிய செலவு என் தலையில் விழுந்தது. அந்த மூன்று பிள்ளைகள் மட்டும் மாடியில் இருந்தார்கள்.

அன்று மாலை அவர்கள் கீழே இறங்கி வந்து, ‘அண்ணன் எங்கே போயிருக்கிறார், பெரியப்பா?’ என்று என்னிடம் கேட்டார்கள். அவர்கள் அவருடைய உறவினர்களே அல்லர். மாடி தம்முடைய சொந்த வீடு என்றும், கீழே இருப்பவர் தம் பெரியப்பா என்றும், குடும்பத்தில் சொத்துத் தகராறு இருப்பதால் அவரிடம் பணப் பேச்சை எடுக்கவே கூடாது என்றும் சொல்லி, ஒரு வருட வாடகையை மொத்தமாக வாங்கியிருக்கிறார். அவர் வாசலில் நின்று என்னைப் பெரியப்பா என்று அழைத்ததும் நான் சிரித்துத் தலையசைத்ததும்தான் அவர்களுக்குக் கிடைத்த ஒரே அத்தாட்சி. அதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் ஆறவில்லை. தனியாக இருக்கும்போது ஒரு முறையாவது அவர்களை உட்காரவைத்து, எந்த ஊர், யார் பிள்ளைகள் என்று நான் விசாரித்திருந்தால் முதல் மாதத்திலேயே உண்மை வெளியே வந்திருக்கும்.

அவர்களை உடனே வெளியேறச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எந்தத் தேதிவரை தங்குகிறார்கள் என்பதை எழுதி நால்வரும் கையெழுத்திட்டோம். அதற்கு நான் வாடகை வாங்கவில்லை. அவருடைய அடையாளச் சான்றின் நகல், ஒப்பந்தத்தின் நகல், நான் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் அவர்களிடம் கொடுத்து, காவல் நிலையத்துக்கு நானும் உடன் சென்று என் புகாரையும் சேர்த்துக் கொடுத்தேன். அந்தப் பணம் இன்னும் அவர்களுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.