சிந்த்-பொப் பாடல்களை மேடையேற்றுதல்: ட்ராக்கா, ஸ்டைல் கீபோர்டா, கைவாசிப்பா?

மே முதல் செப்டெம்பர் வரை உப்புவெளியிலும் நிலாவெளியிலும் உல்லாசப் பயணிகள் நிறைந்திருக்கும் காலத்தில், கடற்கரை விடுதிகளில் வாசிக்கும் குழுக்களிடம், சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியை முதன்மையாகக் கொண்ட 1980களின் சிந்த்-பொப் பாடல்களைக் கேட்பவர்கள் ஒவ்வொரு இரவும் இருப்பார்கள். அதே குழு மறுவாரம் திருகோணமலை நகரத்துக் கலியாண மண்டபமொன்றில் தமிழ்ப் பாட்டும் பைலாவும் வாசிக்க வேண்டும். எங்களைப்போல நான்கே பேர் கொண்ட ஒரு குழு சிந்த்-பொப்பை மேடைக்குக் கொண்டுவர மூன்று வழிகள் வழக்கத்தில் உள்ளன: பின்னணி முழுவதையும் மடிக்கணினியிலிருந்து ட்ராக்காக ஓடவிட்டுப் பாடுவது, ஸ்டைல், அதாவது தானாக ஓடும் ஆயத்தப் பக்கவாத்திய வடிவங்கள், உள்ள கீபோர்டில் இடக்கையால் கோர்ட் (சுரக்கூட்டு) பிடித்து அதையே பக்கவாத்தியமாக்குவது, எந்திரத்தின் துணையின்றி எல்லாவற்றையும் கையால் வாசிப்பது. மூன்றையும் நாங்கள் மேடையில் செய்து பார்த்திருக்கிறோம்.

ட்ராக் போட்டுப் பாடுவதை ஏமாற்று என்று சொல்வோரோடு எனக்கு உடன்பாடு இல்லை. இந்த இசை வளர்ந்த மேடைகளிலேயே ஒலிநாடா இருந்தது. 1978இல் தொடங்கிய ஓ.எம்.டி. குழு நாடாப் பதிவுக்கருவி ஒன்றை மேடையில் வைத்து அதற்கு வின்ஸ்டன் என்று பெயரும் சூட்டியிருந்தது. டெப்பெச் மோட் குழுவினர் தங்கள் தொடக்க ஆண்டுகளில் தாளக் கலைஞர் இல்லாமல், நாடாவில் பதிந்த தாளத்தோடுதான் வாசித்தார்கள். ட்ராக்கை நான் குறை சொல்வது அதன் விறைப்புக்காக மட்டுமே. நான்கு நிமிடத்துக்குப் பதிந்த ட்ராக் நான்கு நிமிடத்தில் முடியும். ஆட்டம் சூடுபிடித்து, பல்லவியை இன்னும் இரண்டு தடவை பாடுங்கள் என்று கூட்டம் கேட்கும்போது பாடகருக்குப் பின்னால் எதுவும் இருக்காது. அவர் ஓர் அடியை முந்தி எடுத்துவிட்டால் அதை அனுசரித்துப் போகவும் ட்ராக்குக்குத் தெரியாது. சுருதியிலும் இதே சிக்கல்தான். ஆ-ஹா குழுவின் ‘டேக் ஒன் மீ’ 1985இல் உலகெங்கும் ஒலித்த பாட்டு. பாடகரின் குரல் அதில் ஏறத்தாழ இரண்டரை ஸ்தாயி ஏறியிறங்க வேண்டும். எங்கள் பாடகருக்கு அதை மூன்று அரைச்சுரம் இறக்கியே ஆகவேண்டும். ஆனால் கலந்து முடித்த ஒலிக்கோப்பு ஒன்றை அவ்வளவு இறக்கினால் தாளத்தின் அறை மழுங்கிவிடுகிறது, சிந்தசைசரின் மினுக்கமும் கலங்கிப்போகிறது.

மின்சாரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். சென்ற பருவத்தில் கடற்கரை விடுதியொன்றில் நாங்கள் வாசித்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் நின்று, சில செக்கன்களில் ஜெனரேட்டர் பிடித்துக்கொண்டது. மடிக்கணினி தன் பற்றரியில் ஓடிக்கொண்டே இருந்தது. ஒலிபெருக்கிகள் மீண்டும் உயிர்பெற்றபோது ட்ராக் இரண்டாம் சரணத்துக்குள் நுழைந்துவிட்டிருந்தது. பாடகர் முதல் சரணத்தின் கடைசி அடியில் நின்றுகொண்டிருந்தார்.

நீளத்திலும் சுருதியிலும் ஸ்டைல் கீபோர்ட் கைகொடுக்கும். யமஹா பிஎஸ்ஆர் போன்ற கீபோர்டுகளில் ஒவ்வொரு ஸ்டைலுக்கும் தொடக்கம், பிரதான வடிவங்கள், இடைநிரப்பு, முடிவு என்று தனித்தனிப் பகுதிகள் இருக்கும். அடுத்த பொத்தானை அழுத்தும்வரை வடிவம் சுழன்றுகொண்டே இருப்பதால் பாட்டை விரும்பியபடி நீட்டலாம், சுருக்கலாம், சுருதியையும் ஒரு பொத்தானில் மாற்றலாம். சாமத்திய வீட்டிலோ கலியாணத்திலோ அடுத்து எந்தப் பாட்டு என்பது மாமாமாரின் விருப்பத்தைப் பொறுத்திருக்கையில், இதைவிடப் பொருத்தமான கருவியை நான் கண்டதில்லை. ஆனால் சிந்த்-பொப் பாட்டை எடுத்தவுடன் இந்தக் கருவி தோற்றுப்போகிறது. ஸ்டைல் எந்தப் பாட்டுக்கும் ஓரளவு பொருந்தும்படி அமைக்கப்பட்டது. சிந்த்-பொப் பாட்டோ தனக்கேயுரிய பேஸ் (கீழ்ச்சுர) நடையையும் சுழன்று வரும் சில சுரங்களையும் கொண்டு தன்னை இனங்காட்டுவது. இளையராஜாவின் 1980களின் பாடல்களை பேஸ் நடையை முணுமுணுத்தே சொல்லிவிடக்கூடிய இரசிகர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். அந்த நடையை எடுத்துவிட்டுப் பொதுவான ஒன்றை வைத்தால், கோர்ட் அத்தனையும் சரியாக இருந்தாலும் அவர்கள் அதை அந்தப் பாட்டு என்று ஏற்கமாட்டார்கள்.

கையால் வாசிப்பது பார்ப்பதற்கு அழகு. ஆனால் நிமிடத்துக்கு 120 துடிப்புள்ள பாட்டில், துடிப்புக்கு நான்கு சுரம் வீதம் ஓடும் பேஸ் நடையைப் பிடிப்பவரின் விரல்கள் நிமிடத்துக்கு 480 தடவை அழுத்த வேண்டும். மூன்றாவது நிமிடத்தில் கை தளரும்போது சுரங்களின் நீளம் கூடிக்குறையும். இந்த இசைக்கு உயிர் கொடுப்பதே அந்த மாறாத நீளம். தாளத்தில் மட்டும் கைவாசிப்பு நன்றாகத் தேறுகிறது. 1980இல் வந்த ரோலண்ட் டிஆர்-808 போன்ற தாள எந்திரங்களின் ஒலிகளை, குச்சியால் அடித்து வாசிக்கும் மின்னணுத் தாளக்கருவியான ஒக்டாபேடின் எட்டுத் தளங்களில் ஏற்றி வாசித்தால் ஒலியும் பழையதாகவே இருக்கும், வாசிப்பவரும் கூட்டத்தின் கண்ணுக்குத் தெரிவார்.

இம்மூன்றையும் ஒப்பிட்டபின் நாங்கள் ஒரு முடிவுக்கு வந்தோம்: மூலப்பதிவில் எந்திரம் வாசித்ததை எந்திரத்திடம் விடுவது, மனிதர் வாசித்ததை மனிதரே வாசிப்பது. நியூ ஓர்டர் குழுவின் ‘புளூ மண்டே’ 1983இல் வெளியானபோது, அதில் ஓபர்ஹைம் டிஎம்எக்ஸ் தாள எந்திரமும், ஏற்றிவைத்த சுரங்களைத் தானே வாசிக்கும் சீக்வென்சரும் ஓட, பேஸ் கிட்டாரைப் பீட்டர் ஹூக் கையால் வாசித்திருந்தார். அந்தப் பாட்டுக்கான சுரங்களைச் சீக்வென்சரில் ஏற்றும்போது அக்குழுவின் கில்லியன் கில்பர்ட் ஒரு சுரத்தைத் தவறவிட்டதால், மெட்டு தாளத்திலிருந்து சற்று விலகி நிற்கிறது. அதைப் பிழை என்று கருதித் திருத்தி வாசித்த எங்கள் முதல் ஒத்திகையில் பாட்டின் பதற்றமே காணாமற்போனது. மறுநாள் அந்த விலகலை அப்படியே சீக்வென்சரில் ஏற்றினோம். பேஸ் கிட்டாரை மட்டும் கையில் வைத்துக்கொண்டோம்.

இதற்கு உதவுவது ட்ராக்கைத் துண்டுகளாக்கி ஓட்டும் முறை. 2001இல் வெளியான ஏபிள்டன் லைவ் போன்ற மென்பொருளில் பல்லவி, சரணம், இடையிசை ஒவ்வொன்றையும் தனித்தனிச் சுழலாக வைக்கலாம். அடுத்ததைத் தொடும்வரை நடப்பது தொடரும், தொட்டாலும் தாளவட்டத்தின் தொடக்கத்தில்தான் மாறும். மின்சாரம் போய் வந்தாலும் சரணத்தின் சுழலை மறுபடி தொட்டால் போதும். சுழல்களை ஒலிக்கோப்பாக வைக்காமல் மிடித் தரவாக, அதாவது எந்தச் சுரத்தை எப்போது வாசிப்பது என்ற குறிப்பாக, வைத்தால், சுருதியை எவ்வளவு இறக்கினாலும் ஒலி கெடாது. ஆனால் பொதுவான மிடி வழக்கில் தாளக்கருவிகள் பத்தாவது சானலில் இருக்கும். அதைத் தவிர்த்துவிட்டு மற்றவற்றையே இறக்க வேண்டும். மறந்து எல்லாவற்றையும் இறக்கினால் சுரங்களோடு தாளக்கருவிகளும் இடம்மாறி, அடிக்க வேண்டிய ட்ரம் அடிக்காமல் வேறேதோ ஒன்று ஒலிக்கும். எனக்கு இது ஒருமுறை மேடையிலேயே நடந்தது.

ஒலிக்காகப் பழைய கருவிகளைத் தேடி அலைவதை எங்கள் ஊருக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். மின்னழுத்தத்தால் சுரம் நிர்ணயிக்கும் பழைய அனலொக் சிந்தசைசர்கள் வெப்பம் மாறும்போது சுருதி விலகுபவை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் திறந்தவெளி மேடையில் மாலை ஐந்து மணிக்குச் சேர்த்த சுருதி இரவு எட்டு மணிக்கு இருக்காது. கடற்கரையின் உப்புக்காற்று செருகிகளையும் பொத்தான்களின் தொடுமுனைகளையும் அரித்துவிடும். 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7இன் ஒலிகளை டெக்செட் என்ற இலவச மென்பொருளில் எழுப்பலாம், சுருதியும் அசையாது. மடிக்கணினியில் வாசித்தால் ஒலி தாமதமாகும் என்ற அச்சம் பலருக்கு உண்டு. செக்கனுக்கு 44,100 மாதிரிகள் என்ற வேகத்தில் 256 மாதிரிகளைத் தேக்கி வைத்தால் சேரும் தாமதம் ஏறத்தாழ 6 மில்லிசெக்கன். ஒலிபெருக்கியிலிருந்து இரண்டு மீற்றர் தள்ளி நிற்பவருக்கும் ஒலி வந்துசேர அவ்வளவு நேரமாகும்.

கலியாணத்துக்கு இன்றும் ஸ்டைல் கீபோர்டைத்தான் கொண்டுபோகிறோம். விடுதி மேடைகளில் சுழல்களை மாற்றும் வேலையை முதலில் கீபோர்ட் வாசிக்கும் நான் செய்தேன். இரு கையும் சுரங்களில் இருந்ததால் மாற்றங்கள் பிந்தின. இப்போது ஒக்டாபேட் வாசிப்பவரின் காலடியில் ஒரு பெடலை வைத்திருக்கிறோம். தாளத்தின் துடிப்பைக் காட்டும் கிளிக் ஒலியை ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டிருப்பவர் அவர்தான். பாடகரின் முதுகையும் ஆடுபவர்களின் கால்களையும் அவரால் ஒரே பார்வையில் பார்க்க முடிகிறது. பல்லவி இன்னும் ஒரு சுற்று வேண்டுமா என்பதை இப்போது அவரே தீர்மானிக்கிறார்.