எம்.டி., டி.என்.பி., எம்.ஆர்.சி.பி.: எந்தச் செருப்பு எங்கே கடிக்கும்?

பொது மருத்துவத்தில் மேற்படிப்பு படிப்பவர்களிடம் எது கஷ்டமான பரீட்சை என்று கேட்டால், பலரும் யோசிக்காமல் டி.என்.பி. என்பார்கள். எம்.டி. பல்கலைக்கழகம் தரும் பட்டம், டி.என்.பி. தேசியத் தேர்வு வாரியம் நடத்துவது, எம்.ஆர்.சி.பி. பிரிட்டனின் ராயல் கல்லூரிகளின் பரீட்சை. பாடம் மூன்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு தப்பு நடந்துவிட்டால் அதைச் சரிக்கட்ட எங்கே இடம் இருக்கிறது என்பதுதான் பரீட்சைக்குப் பரீட்சை மாறுகிறது.

முதலில் தியரி. எம்.டி.க்கு 4 தாள், தலா 100 மதிப்பெண். ஒவ்வொரு தாளிலும் 40 எடுக்க வேண்டும். நான்கையும் கூட்டினால் 200 வர வேண்டும். டி.என்.பி.யிலும் அதே 4 தாள், அதே 400. ஆனால் தாளுக்குத் தாள் தடை கிடையாது, மொத்தத்தில் 200 வந்தால் போதும். ஒருவர் 70, 60, 35, 45 எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 210. டி.என்.பி.யில் அவர் பாஸ், எம்.டி.யில் அந்த 35 அவரை அடுத்த பரீட்சைக்குத் தள்ளிவிடும். விதியை மட்டும் பார்த்தால் டி.என்.பி.தான் இளக்கமானது.

பிறகு ஏன் அங்கே தியரியிலேயே விழுகிறார்கள்? கேள்வியின் அமைப்புதான் காரணம். தமிழ்நாடு எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பழைய எம்.டி. வினாத்தாள்களை எடுத்துப் பார்த்தால் 15 மதிப்பெண்ணில் இரண்டு கட்டுரை, 7 மதிப்பெண்ணில் பத்துக் குறிப்பு இருக்கும். கட்டுரையில் தெரிந்ததைப் பரப்பி எழுத இடம் உண்டு. டி.என்.பி. தாளில் பத்துக் கேள்வி, தலா 10 மதிப்பெண், அதுவும் 3+4+3 என்று உடைத்துக் கேட்பார்கள். 3 மணி நேரத்தைப் பத்தால் வகுத்தால் கேள்விக்கு 18 நிமிடம். படிக்கவும் படம் வரையவும் போக, எழுதக் கிடைப்பது 15, 16 நிமிடம்தான்.

ஓர் உதாரணம். டயபடிக் கீட்டோஅசிடோசிஸ் (சர்க்கரை நோயில் ரத்தத்தில் அமிலம் ஏறும் ஆபத்து நிலை): (அ) எப்படி உறுதி செய்வீர்கள், (ஆ) முதல் சில மணி நேரத்தில் திரவம் கொடுப்பது எப்படி, (இ) சிகிச்சையாலேயே வரும் சிக்கல்கள் என்னென்ன என்று கேள்வி வருகிறது. நன்றாகப் படித்தவர்தான் இங்கே மாட்டுவார். இன்சுலின் குறைந்தால் கொழுப்பு எப்படி உடைகிறது என்று முதல் இரண்டு பக்கத்தைக் கொட்டிவிடுவார். அதை யாரும் கேட்கவில்லை. அதற்கு மதிப்பெண்ணும் இல்லை. (இ) பகுதிக்கு வரும்போது நேரம் போயிருக்கும். பொட்டாசியம் இறங்குவது, சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைவது, மூளை வீக்கம் என்று மூன்று தலைப்பை மட்டும் எழுதியிருந்தால்கூடக் கையில் ஏதோ கிடைத்திருக்கும். தாளைத் திருத்துபவர் முகம் தெரியாதவர். ‘பையன் வார்டில் நல்லா வேலை பார்ப்பான்’ என்ற எண்ணமெல்லாம் அவரிடம் இருக்காது.

வினாத்தாளின் தலைப்பில் அச்சிட்டிருக்கும் குறிப்புகளைப் பலர் படிப்பதே இல்லை. ஒரு கேள்வியின் எல்லாப் பகுதிகளையும் சேர்த்தே எழுது, இடையில் வெற்றுப் பக்கம் விடாதே, தேவையான இடத்தில் அட்டவணையும் வரைபடமும் போடு என்று அதிலேயே இருக்கிறது. ‘(இ)யைக் கடைசியில் எழுதிக்கொள்ளலாம்’ என்று விட்டுவைத்து எங்கோ பின்பக்கத்தில் எழுதினால், அது கண்ணில் படாமல் போக வாய்ப்பு அதிகம்.

பிராக்டிகலில் எம்.டி.க்காரர் கொடுத்து வைத்தவர். பெரும்பாலும் சொந்தக் கல்லூரி, பழகிய வார்டு, பேச்சு புரியும் நோயாளி. தேர்வு நடத்துபவர் நால்வரில் இருவர் எக்ஸ்டெர்னல், அதாவது வெளியிலிருந்து வருபவர்கள். அவர்களைச் சமாளிப்பதுதான் பாடு. லாங் கேஸில், அதாவது ஒரே நோயாளியை விரிவாக விசாரித்துச் சோதித்துச் சொல்லும் பகுதியில், நோயின் பெயரை மட்டும் சொன்னால் விடமாட்டார்கள். இதய வால்வு சுருங்கிய நோயாளி என்றால், ‘ருமாட்டிக் இதய நோய், மைட்ரல் ஸ்டெனோசிஸ், கடுமையானது, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உண்டு, செயலிழப்பு உண்டு, எண்டோகார்டைடிஸ் அறிகுறி இல்லை’ என்று முழுத் தொடராக வர வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் ‘எதை வைத்துச் சொன்னாய்?’ என்று கேள்வி வரும்.

டி.என்.பி.யில் மையத்தை வாரியம் ஒதுக்கும். வேறு ஊருக்குப் போக வேண்டி வரலாம். மொழி தெரியாத வார்டில் ஹிஸ்டரி எடுக்க நேர்ந்தால், மைட்ரல் ஸ்டெனோசிஸ்காரருக்கு ராத்திரியில் மூச்சு முட்டி விழிப்பு வருமா என்று கேட்கவே கால் மணி போய்விடும். லாங் கேஸ், ஷார்ட் கேஸ், வைவாவோடு ஆஸ்கி நிலையங்களும் (நிலையத்துக்கு ஒரு சிறு பணி என்று வரிசையாகச் செய்ய வேண்டியவை) உண்டு. தியரியில் தேறியவருக்கு பிராக்டிகலில் 3 வாய்ப்பு. அதற்குள் முடியாவிட்டால் தியரியிலிருந்து மறுபடியும் தொடங்க வேண்டும். டி.என்.பி.யில் உண்மையிலேயே பயப்பட வேண்டியது இந்த விதிக்குத்தான்.

எம்.ஆர்.சி.பி.யின் எழுத்துப் பகுதிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பார்ட் 1-இல் 200 கேள்வி, பார்ட் 2-இலும் 200, ஐந்தில் சிறந்த ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நெகட்டிவ் மார்க் இல்லை, எனவே எதையும் விட்டுவைக்கக் கூடாது. பழைய கேள்விகளைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தால் தாண்டிவிடலாம். பார்ட் 1 முடித்த 7 ஆண்டுக்குள் பார்ட் 2, பேசஸ் என்ற மற்ற இரண்டையும் முடிக்க வேண்டும்.

கடிக்கும் இடம் பேசஸ், நோயாளியை நேரில் வைத்து நடக்கும் பிராக்டிகல் பகுதி. சென்னையிலும் நடக்கிறது, எம்.டி. முடித்த கையோடு ‘கிளினிக்கல்தானே’ என்று போய் உட்காருபவர்கள் உண்டு. ஏழு திறன்களைத் தனித்தனியாக மதிப்பிடுவார்கள். ஒவ்வொன்றிலும் குறைந்தபட்சம் எடுக்க வேண்டும், மொத்தமும் தேற வேண்டும். ஒன்றில் அள்ளியதை வைத்து இன்னொன்றின் பள்ளத்தை மூட முடியாது. இதயம் பார்க்க 6 நிமிடம், கேள்விக்கு 4 நிமிடம். எம்.டி. லாங் கேஸில் முக்கால் மணி நேரம் நோயாளியோடு உட்கார்ந்து பழகியவருக்கு இது மூச்சுத் திணறல்தான். அந்த அவசரத்தில், இருந்திருக்க வேண்டும் என்ற நம்பிக்கையில் காதில் விழாத ஓப்பனிங் ஸ்னாப்பை (மைட்ரல் ஸ்டெனோசிஸில் வரும் ஓர் இதய ஒலி) ‘கேட்டேன்’ என்று சொன்னால் தொலைந்தது. ஒரு அறிகுறியைத் தவறவிடுவதைவிட இல்லாததை உண்டாக்குவதுதான் அங்கே பெரிய குற்றம். வயிற்றை அழுத்தும்போது நோயாளியின் முகத்தைப் பார்க்காமல் வலிக்க வைத்தால், அதற்கென்றே இருக்கும் திறனில் மதிப்பெண் போகும்.

2023-இல் மாறிய வடிவத்தில் 20 நிமிட கன்சல்டேஷன் இரண்டு வருகிறது. 15 நிமிடத்துக்குள் விசாரித்து, சோதித்து, அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்று நோயாளியிடம் சொல்லி முடிக்க வேண்டும். நம்மூர் ஓ.பி.யில் ஊறியவர்கள் சறுக்குவது இங்கேதான். எடை குறைகிறது என்று வந்தவர் பேச்சோடு பேச்சாக ‘எங்க அப்பா குடல் புற்றுநோயில்தான் போனார்’ என்பார். அது தற்செயலாகச் சொன்னதல்ல, நீங்கள் பிடிக்க வேண்டிய நூல். ‘அதெல்லாம் ஒண்ணுமில்லை, பயப்படாதீங்க’ என்று பழக்கதோஷத்தில் தாண்டிப் போனால், நோயைச் சரியாகவே கண்டுபிடித்திருந்தாலும் நோயாளியின் கவலையைக் கையாளும் திறனில் சுழியம் விழலாம்.