போன் இருக்கும்போது தனி மியூசிக் பிளேயர் எதற்கு? நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

2001-ல் 5 ஜிபி ஹார்ட் டிஸ்க்கோடு தொடங்கிய ஐபாட் வரிசை, 2022 மே மாதம் ஐபாட் டச்சை ஆப்பிள் நிறுத்தியதோடு முடிந்தது. அதோடு கையடக்க பிளேயர்களின் காலமும் போயிற்று என்று பலர் நினைத்தார்கள். ஆனால் சோனி இன்னும் வாக்மேன் செய்கிறது. ஃபியோ, ஷான்லிங், ஹைபி போன்ற சீன நிறுவனங்கள் புதுப்புது மாடல்களாக விட்டுக்கொண்டிருக்கின்றன. பழைய ஐபாடைத் தேடி வாங்கி, பேட்டரி மாற்றி ஓட்டுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். நம் நாட்டில் 2017-ல் வந்த சரிகம கார்வான், ஆயிரக்கணக்கான பாட்டுகளை உள்ளேயே ஏற்றி, திருகினால் பாடும்படி கொடுத்தது. போனில் பாட்டு தேடத் தெரியாத, தேட விரும்பாத பெரியவர்கள் வீடுகளில் அது இன்றும் பாடிக்கொண்டிருக்கிறது. ஆகவே தேவை சாகவில்லை. யாருக்குத் தேவை, யாருக்கு வீண் செலவு என்பதுதான் கேள்வி.

இங்கே சொல்வதெல்லாம் மூன்று வகை பிளேயர்களை வைத்து: ராக்பாக்ஸ் என்கிற மாற்று மென்பொருள் ஏற்றிய சான்டிஸ்க் கிளிப் பிளஸ், மெமரி கார்டுக்கு மாற்றிய ஐந்தாம் தலைமுறை ஐபாட், ஆண்ட்ராய்ட் ஓடும் சோனி வாக்மேன். ஒப்பிடுவதற்குச் சாதாரண ஆண்ட்ராய்ட் போனும், 8.7 அங்குல கேலக்ஸி டேப் ஏ9-உம்.

வீடியோவை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். அதில் டேப்லெட் முழுதாக ஜெயித்துவிட்டது. வீடியோ ஓடும் அந்த ஐந்தாம் தலைமுறை ஐபாடின் திரை 2.5 அங்குலம், 320-க்கு 240 புள்ளிகள்; ஒவ்வொரு படத்தையும் அதற்கேற்ற ஃபார்மட்டுக்கு மாற்றித்தான் ஏற்ற வேண்டும். ஏ9 மாதிரி டேப்லெட்டில் கார்டு ஸ்லாட்டும் 3.5 மிமீ ஜாக்கும் இருக்கின்றன. விஎல்சி ஆப் போட்டால் கிட்டத்தட்ட எந்த ஃபைலும் ஓடும். மலிவான டேப்லெட் வாங்கும்போது ஒன்றை மட்டும் பாருங்கள்: வைட்வைன் என்கிற திருட்டு நகல் தடுப்பு முறையில் உயர்ந்த நிலையான எல்1 சான்று இருக்கிறதா என்று. கீழ்நிலையான எல்3 மட்டும் உள்ள கருவியில் ஓடிடி தளங்கள் ஹெச்டி தராது. திரை எவ்வளவு நன்றாக இருந்தாலும் படம் மங்கலாகத்தான் வரும். டிஆர்எம் இன்ஃபோ என்கிற இலவச ஆப் இதை ஒரு நொடியில் காட்டிவிடும்.

பாட்டுக்கு வருவோம். “பிளேயரில் சவுண்ட் வேற லெவல்” என்பதை நம்பி வாங்காதீர்கள். ஆப்பிளின் டைப்-சி ஹெட்போன் அடாப்டர் ஒன்றே சாதாரண இயர்போனுக்கு வேண்டிய தெளிவைக் கொடுத்துவிடுகிறது. அதற்கும் விலை உயர்ந்த பிளேயருக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணைக் கட்டிக்கொண்டு கண்டுபிடிப்பது பெரும்பாலோருக்கு முடியாது. பல ஆண்ட்ராய்ட் போன்களில் அந்த அடாப்டரைச் செருகினால் சத்தம் குறைவாக வரும். அடாப்டருக்குள்ளே இருக்கும் வால்யூமைப் போன் முழுக்க ஏற்றாமல் விடுவதுதான் காரணம். யூஎஸ்பி ஆடியோ பிளேயர் ப்ரோ போல அடாப்டரோடு நேரடியாகப் பேசும் ஆப் அதைச் சரிசெய்துவிடும். ஸ்ட்ரீமிங்கில் மட்டும் கேட்பவர், புளூடூத் இயர்பட் மட்டும் போடுபவர் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். உங்களுக்குத் தனி பிளேயர் வேண்டாம்.

சொந்தமாக ஃபைல்கள் சேர்த்து வைத்திருப்பவர்களுக்குக் கதை வேறு. பிளேயரின் உண்மையான பலம் பட்டனிலும் பேட்டரியிலும் மென்பொருளிலும் இருக்கிறது. பாக்கெட்டுக்குள் கை விட்டு, திரையைப் பார்க்காமலே அடுத்த பாட்டுக்குப் போகலாம். பாதிப் பாட்டில் அழைப்பு வராது. பாட்டு கேட்டுக் கேட்டு மாலையில் போன் பேட்டரி காலியாகி நிற்காது. இரவு நேரத்தில் இன்னொரு வித்தியாசம் பளிச்சென்று தெரியும்: பல ஆண்ட்ராய்ட் போன்களில் மீடியா வால்யூமுக்கு 15 படிகள்தான். உணர்வுத்திறன் அதிகமான இயர்போன் போட்டால் முதல் படியே அதிகம், அதற்குக் கீழே மௌனம். ராக்பாக்ஸில் டெசிபெல் டெசிபெலாகக் குறைக்கலாம்.

ராக்பாக்ஸ் என்பது பழைய பிளேயர்களுக்காகத் தன்னார்வலர்கள் எழுதிய இலவச மென்பொருள். கிளிப் பிளஸில் ஏற்றுவது பத்து நிமிட வேலை. பிளேயரின் செட்டிங்ஸில் யூஎஸ்பி மோடை எம்டிபி-யிலிருந்து, பென் டிரைவ் போலக் காட்டும் எம்எஸ்சி-க்கு மாற்றுங்கள். இதை விட்டுவிட்டால் கணினியில் டிரைவாகவே வராது. பிறகு ராக்பாக்ஸ் யூட்டிலிட்டியைத் திறந்து, மாடலைத் தேர்ந்து, இன்ஸ்டால் கொடுங்கள். பேட்டரி பாதிக்கு மேல் இருக்கட்டும். ஃபர்ம்வேர் எழுதும்போது கேபிள் ஆடக்கூடாது. கம்பெனி மென்பொருளில் பெரிய கார்டைப் போட்டால், ஒவ்வொரு முறை பாட்டு சேர்க்கும்போதும் அத்தனை பாட்டையும் மறுபடி படிக்கக் காத்திருக்க வேண்டும். ராக்பாக்ஸில் ஃபோல்டர் வழியாக நேராகப் போய்விடலாம், டேட்டாபேஸே தேவையில்லை.

இதில் கர்நாடக சங்கீதம் கேட்பவர்களுக்கு இரண்டு வசதிகள் உண்டு. ஒன்று, இடைவெளி இல்லாத ஓட்டம்: ஆலாபனை ஒரு டிராக்காகவும் கீர்த்தனை அடுத்த டிராக்காகவும் வெட்டப்பட்ட கச்சேரியில், போன் ஆப்கள் சில நடுவே அரை நொடி மௌனம் விடும். ராக்பாக்ஸ் விடாது, எம்பி3 என்றால் லேம் என்கோடரில் செய்த ஃபைலாக இருக்க வேண்டும், அதில்தான் டிராக்கின் துல்லியமான நீளம் எழுதியிருக்கும். இன்னொன்று பிட்ச் திரை. சவுண்ட் செட்டிங்ஸில் டைம்ஸ்ட்ரெச்சை ஆன் செய்து, பிளேயரை ஒருமுறை அணைத்துப் போட்டால், சுருதி மாறாமல் வேகத்தைக் குறைக்கலாம், வேகம் மாறாமல் சுருதியை அரைக் கட்டை ஏற்றி இறக்கலாம். பாட்டு கற்பவர்கள் தங்கள் சுருதிக்குப் பதிவைக் கொண்டுவந்து கூடப் பாட இதைவிட எளிய வழி இல்லை. இந்த வேலையில் பேட்டரி கொஞ்சம் வேகமாக இறங்கும்.

எல்லாப் பாட்டையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவரும் ரீப்ளே கெயினையும் கட்டாயம் போட்டுவிடுங்கள். எழுபதுகளின் பாட்டும் இன்றைய பாட்டும் மாறி மாறி வரும்போது முன்னது மெல்ல ஒலிக்கும், பின்னது காதைக் கிழிக்கும். கணினியில் ஃபூபார்2000 என்கிற நிரலில் எல்லாப் பாட்டையும் தேர்ந்தெடுத்து ரீப்ளே கெயின் ஸ்கேன் கொடுத்தால் ஒவ்வொரு ஃபைலிலும் அளவு எழுதப்படும், ஒலி கெடாது. பிளேயரில் டிராக் கெயினைத் தேர்ந்தால் போதும்.

தமிழ்ப் பாட்டு வைத்திருப்பவர்களுக்குப் பெரிய தலைவலி டேக்தான், அதாவது ஃபைலுக்குள் எழுதியிருக்கும் பாட்டு, ஆல்பம், பாடகர் விவரங்கள். இணையத்தில் எடுத்த எம்பி3-களில் ஆல்பம் பெயர் இருக்கும் இடத்தில் ஏதோ ஒரு தளத்தின் முகவரி இருக்கும். இசையமைப்பாளர் பெயரை ஆங்கிலத்தில் ஆளாளுக்கு ஒரு விதமாக எழுதியிருப்பார்கள். இளையராஜா ஒருவரே பிளேயரில் மூன்று நான்கு பேராகப் பிரிந்து நிற்பார். எம்பி3டேக் என்கிற இலவச நிரலில் மொத்த ஃபோல்டரையும் திறந்து, பெயர்ப் பத்தியை வரிசைப்படுத்தி, ஒரே ஆளின் பாட்டுகளை எல்லாம் தேர்ந்தெடுத்து ஒரே எழுத்துக்கூட்டல் கொடுங்கள். நாம் படப் பாட்டை இசையமைப்பாளரை வைத்துத்தான் தேடுகிறோம். ஆகவே ஆல்பம் ஆர்டிஸ்ட்டில் இசையமைப்பாளர், ஆர்டிஸ்ட்டில் பாடகர்கள், ஆல்பத்தில் படத்தின் பெயர் என்று வைத்தால் ஒரு படம் பத்தாகச் சிதறாது. டேக் வகை ஐடி3 வி2.3, யூடிஎஃப்-16 என்று வைத்துச் சேமியுங்கள்; பழைய பிளேயர்களும் படிக்கும்.

டேக்கைத் தமிழ் எழுத்திலேயே வைக்கலாமா? ஆண்ட்ராய்ட் பிளேயர் என்றால் தாராளமாக. மற்றவற்றில் தமிழ் எழுத்துரு இல்லையென்றால் வெறும் கட்டங்கள் வரும். ராக்பாக்ஸில் தமிழ் எழுத்துருவைச் சேர்த்தாலும் முழுத் தீர்வு இல்லை. ‘கொ’ என்பதில் கொம்பு ககரத்துக்கு முன்னும் கால் பின்னும் வர வேண்டும். அப்படிப் பிரித்து வைக்கும் வேலை அந்த நிரலுக்குத் தெரியாது. சேமித்த வரிசையிலேயே அடுக்கிவிடும். ‘கெ’ கூட ககரத்துக்குப் பிறகு கொம்பாகத்தான் தெரியும். வாசிக்கவே முடியாது. மனம் ஒப்பாவிட்டாலும் அங்கே ஆங்கில எழுத்தில் வைப்பதுதான் வழி. அட்டைப்படம் வராவிட்டால், அது ப்ரோக்ரெஸிவ் ஜேபெக்காக இருக்கும். 500-க்கு 500 அளவில் சாதாரண ஜேபெக்காகச் சேமித்தால் வரும்.

கார்டு விஷயத்தில் சிக்கனம் கூடாது. போலி கார்டு 256 ஜிபி என்று காட்டும், 16-க்கு மேல் எழுதியதெல்லாம் காணாமல் போகும். வாங்கிய அன்றே விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 கொண்டு முழுக் கார்டையும் எழுதிப் படித்துச் சோதியுங்கள்; திருப்பிக் கொடுக்கும் கெடுவுக்குள் செய்ய வேண்டும். 320 கேபிபிஎஸ் எம்பி3 நிமிடத்துக்கு 2.4 எம்பி, 64 ஜிபி கார்டில் 400 மணி நேரத்துக்கு மேல் அடங்கும். ஒலி இழப்பில்லாமல் சுருக்கும் ஃப்ளாக் ஃபார்மட்டில் சிடி தரத்துப் பாட்டு என்றால் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு இடம் வேண்டும். 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள கார்டுகள் எக்ஸ்ஃபேட் என்கிற ஃபார்மட்டில் வரும். பழைய பிளேயர் அதைப் படிக்காது. கார்டு கெட்டுவிட்டது என்று நினைக்காமல் ஜியூஐ ஃபார்மட் போன்ற கருவியில் பழைய ஃபார்மட்டான ஃபேட்32 ஆக மாற்றுங்கள்.

மலிவு பிளேயரில் பாட்டுகள் வரிசை மாறி ஓடினால், அது கார்டில் ஏற்றிய வரிசையிலேயே படிக்கிறது என்று அர்த்தம். வரிசையைத் திருத்தி எழுதும் ஃபேட்சார்ட் என்கிற நிரலைக் கணினியில் ஓட்டினால் சரியாகும். மேக்கில் ஏற்றிய கார்டில் ஒவ்வொரு பாட்டுக்கும் புள்ளியும் அடிக்கோடுமாகத் தொடங்கும் ஓடாத இரட்டை ஒன்று தெரியும். அவை மேக் எழுதும் துணை ஃபைல்கள், அழித்துவிடலாம்.

ஐபாடைப் புதுப்பிக்க நினைப்பவர்கள் ஐந்தாம் தலைமுறையை எடுங்கள். பின்னால் வந்த கிளாசிக்கின் உலோக முகப்பைத் திறப்பது பெரும்பாடு, விளிம்பு வளைந்துவிடும். வேண்டியவை: ஹார்ட் டிஸ்க் இடத்தில் கார்டைப் பொருத்தும் ஐஃப்ளாஷ் வகை அடாப்டர், கார்டு, பேட்டரி, பிளாஸ்டிக் நெம்பி. முதலில் ஹோல்டு ஸ்விட்சைப் போடுங்கள். பக்கவாட்டில் நெம்பியைச் செருகி, உள்ளே இருக்கும் கவ்விகளை ஒவ்வொன்றாக விடுவிக்க வேண்டும். முக்கால்வாசிப் பேர் தவறுவது அடுத்த நொடியில்: மூடி கழன்றதும் புத்தகம் போல அகல விரித்துவிடுவார்கள். பேட்டரி ரிப்பனும் ஹெட்போன் ஜாக் ரிப்பனும் பின்மூடியிலிருந்து பலகைக்குப் போகின்றன; விரித்தால் கிழியும். ஒரு விரல் அளவு மட்டும் திறந்து, பேட்டரி கனெக்டரின் பழுப்பு நிறத் தாழ்ப்பாளை நகத்தால் மேலே தூக்கி ரிப்பனை உருவிய பிறகே மேற்கொண்டு திறக்கலாம். ஹார்ட் டிஸ்க் ரிப்பனுக்கும் இதே போல ஒரு தாழ்ப்பாள். மாற்றி மூடியபின் கணினியில் ரீஸ்டோர் கொடுத்தால் புது இடம் தெரியும். 30 ஜிபி மாடலில் ரேம் 32 எம்பிதான். பல்லாயிரம் பாட்டு ஏற்றினால் ஆப்பிள் மென்பொருள் திணறி மறுபடி மறுபடி ரீஸ்டார்ட் ஆகும். 60, 80 ஜிபி மாடல்களில் 64 எம்பி. கார்டுக்கு மாற்றியதும் சுழலும் டிஸ்க் இல்லாததால் பேட்டரியும் நெடுநேரம் வரும், கீழே விழுந்தாலும் பயமில்லை.

ஆண்ட்ராய்ட் வாக்மேன், உதாரணமாக 2023-ல் வந்த என்டபிள்யூ-ஏ306, 113 கிராமில் கைக்கு அழகாக அடங்குகிறது. புளூடூத்தில் கூடுதல் தரத்தோடு பாட்டு அனுப்பும் எல்டாக் உண்டு, ஸ்ட்ரீமிங் ஆப்பில் பாட்டை இறக்கி ஆஃப்லைனில் கேட்கலாம். ஃப்ளாக் 36 மணி நேரம் ஓடும் என்று சோனி சொல்வது அதன் சொந்த பிளேயரில், வைஃபை இல்லாமல். ஸ்ட்ரீமிங் ஆப்பைத் திறந்து வைத்தால் கணக்கே வேறு. இந்த வகைக் கருவிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான குறை, சும்மா கிடக்கும்போதும் பேட்டரி இறங்குவது. வைஃபையை அணைத்து, ஆட்டோ பவர் ஆஃபை வைத்தால் அது நிற்கும். நீண்ட காலக் கணக்கில் பெரிய குறை மென்பொருள் வயதாவது: ஆண்ட்ராய்ட் பதிப்பு பழசாகும்போது ஸ்ட்ரீமிங் ஆப்கள் ஒவ்வொன்றாகக் கைவிடும். 2009-ல் வந்த கிளிப் பிளஸ் இன்றும் முழுசாக வேலை செய்கிறது, ஏனென்றால் அது யாருடைய சர்வரையும் நம்பியில்லை. ஸ்ட்ரீமிங்குக்காக ஆண்ட்ராய்ட் பிளேயர் வாங்குவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. அந்தப் பணத்தில் நல்ல இயர்போன் வாங்கலாம்.

எஃப்எம் இருந்தால் அதையும் ஒரு காரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். இயர்போன் ஒயர்தான் ஆன்டெனா, அதைச் செருகாமல் கரகரப்புதான் வரும். புயல், வெள்ளத்தில் டவர்கள் செயலிழக்கும்போது வானொலிதான் பேசும். போன்களில் எஃப்எம் வசதியை முடக்காதீர்கள் என்று 2023-ல் மத்திய மின்னணு அமைச்சகம் தயாரிப்பாளர்களைக் கேட்டுக்கொண்டதும் இதற்காகத்தான்.

பழைய பிளேயர் வாங்கும்போது பின்மூடி உப்பியிருக்கிறதா என்று சமதளத்தில் வைத்துப் பாருங்கள்; ஆடினால் பேட்டரி வீங்கியிருக்கலாம், சார்ஜ் போடாதீர்கள். ஜாக்கில் பிளக்கைச் செருகிச் சுற்றுங்கள். ஒரு பக்கம் விட்டு விட்டுக் கேட்டால், முதலில் உள்ளே அடைந்திருக்கும் நூல் தூசியை மரக் குச்சியால் எடுத்துப் பாருங்கள், பாதி நேரம் அதுதான். சில மலிவு டைப்-சி பிளேயர்கள் இருபுறமும் சி உள்ள கேபிளில் சார்ஜ் ஏறாது. ஒரு சிறு ரெசிஸ்டரைத் தயாரிப்பாளர் வைக்காமல் விட்டதால், சார்ஜர் எதிரே கருவி இருப்பதையே அறியாது. ஏ-டூ-சி கேபிளில் ஏறும். உபயோகிக்காமல் வைப்பதானால் பாதி சார்ஜில் வையுங்கள், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து ஏற்றுங்கள். முழுக்கக் காலியாகி அலமாரியில் கிடந்த பேட்டரி திரும்ப எழுவது அரிது, கிளிப் பிளஸில் அது பலகையோடு பற்ற வைக்கப்பட்டிருப்பதால் மாற்றச் சால்டரிங் வேண்டியிருக்கும்.