அம்மாவின் நடைக்கு எது துணை: கைப்பட்டையா, கைப்பேசியா, வாட்ஸ்அப் குழுவா?

நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் முழங்கால் தேய்மானமும் உள்ள என் அம்மாவுக்கு வயது 72. அவரை நடக்க வைக்க மூன்று வழிகளையும் மாதக்கணக்கில் பயன்படுத்திப் பார்த்தோம்.

சிங்கப்பூரின் சுகாதார மேம்பாட்டு வாரியம் 2015இல் தொடங்கிய நேஷனல் ஸ்டெப்ஸ் சேலஞ்ச் என்னும் நடைத் திட்டம், காலடிகளை எண்ணும் இலவசக் கைப்பட்டையையும் ஹெல்தி 365 செயலியையும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளுக்குள் கொண்டுவந்தது. காலடிக்குப் புள்ளி, புள்ளிக்குப் பற்றுச்சீட்டு என்ற ஏற்பாடு பலரை வெளியே வரவைத்தது உண்மை. ஆனால், நோயுள்ள முதியவரிடம் பட்டையின் கணக்கு பிசகுகிறது. தேக்கா சந்தையில் தள்ளுவண்டியை இரு கைகளாலும் பற்றியபடி ஒரு மணி நேரம் சுற்றிவந்த அம்மாவுக்கு அது காட்டிய எண்ணிக்கை முந்நூறைத் தாண்டவில்லை. மணிக்கட்டு வீசாததால் காலடி பதிவாகவில்லை. “இவ்வளவு நடந்தும் ஒண்ணுமில்லையா?” என்று கழற்றி வைத்தவர் ஒரு வாரம் அதைத் தொடவில்லை. இதயத்துடிப்பைக் கொண்டு பயிற்சி நிமிடங்களை எண்ணும் பட்டைகளிலோ, இரத்த அழுத்தத்துக்குச் சிலருக்குத் தரப்படும் பீட்டா பிளாக்கர் மாத்திரை துடிப்பை ஏறவிடாது என்பதால், மூச்சு வாங்க நடந்தவரின் உழைப்பும் விடுபட்டுப்போகலாம்.

கைப்பேசியை மட்டும் நம்பினால் செலவில்லை. ஆனால், வீட்டுக்குள் அது மேசையிலேயே கிடக்கிறது. நாற்காலிப் பயிற்சிக் காணொளிகளுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம். வாரம் மூன்று நாளாவது சமநிலையும் தசைவலுவும் தரும் பயிற்சி முதியோருக்குத் தேவை என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டி, அதைக் காலடி எண்ணிக்கை காட்டாது.

எங்கள் புளோக்கின் ஆறு பேர் கொண்ட வாட்ஸ்அப் குழு எதையும் எண்ணுவதில்லை. காலை ஏழு மணிக்கு “அக்கா, சாப்பிட்டாச்சா? கீழே வாங்க” என்று ஒரு குரல்பதிவு வரும். அந்த முதல் கேள்வியின் அருமை, இன்சுலின் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் நடந்து சர்க்கரை இறங்கியவரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முழங்கால் வீங்கியிருக்கிறது என்று அம்மா சொன்னால், “இன்னைக்கு உட்கார்ந்தே காலை நீட்டி மடக்குங்க” என்று பதில் வருகிறது. குழுவை நடத்துபவர் ஊருக்குப் போய்விட்டால் எல்லாம் நின்றுவிடுகிறது என்பது இதன் பெரிய குறை. அந்த வாரங்களில் பட்டைதான் கைகொடுத்தது.

ஆகவே முதலிடம் குழுவுக்கு, அடுத்தது பட்டைக்கு. ஆனால் பட்டையின் இலக்கை மாற்றியாக வேண்டும். நாளுக்குப் பத்தாயிரம் காலடி என்ற இலக்கு 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த காலடிமானியின் பெயரிலிருந்து பரவியது. 15 ஆய்வுகளைத் தொகுத்து 2022இல் வெளியான அலசல், அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு 6,000 முதல் 8,000 காலடிக்கு மேல் இறப்பு அபாயம் பெரிதாகக் குறைவதில்லை என்று காட்டியது. அம்மாவுக்கு அதுவும் அதிகம் என்பதால், பலதுறை மருந்தக மருத்துவரிடம் கேட்டு, முதல் வாரச் சராசரியோடு ஐந்நூறைக் கூட்டி இலக்கு வைத்தோம். சந்தைக்குப் போகும் நாள்களில் நீளமான வார் போட்டுப் பட்டையைக் கணுக்காலில் கட்டிக்கொள்கிறார். இப்போது தள்ளுவண்டியோடு நடக்கும் காலடிகளும் பதிவாகின்றன.