கறுப்புத் தாளில் கோண்டு மரங்கள்: ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’

பிரித்த உடனே மை வாசனை அடிக்கும். இந்தப் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கமும் கையால் செய்த கறுப்பு நிறத் தாளில், சில்க் ஸ்கிரீன் முறையில், அதாவது சட்டத்தில் கட்டிய வலைத்துணி வழியே மையை இழுத்து, கையால் அச்சிடப்பட்டது. தைத்துக் கட்டியதும் கையால்தான். சென்னைப் பதிப்பகமான தாரா புக்ஸ் 2006-ல் கொண்டுவந்தது. 2008-ல், இத்தாலியின் போலோன்யா சிறுவர் புத்தகக் கண்காட்சி தரும் ரகாஸ்ஸி பரிசு பெற்றது. வரைந்தவர்கள் மத்தியப் பிரதேசத்தின் கோண்டு பழங்குடி ஓவியர்கள் மூவர்: பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி.

பகலெல்லாம் நிழலும் உணவும் தங்குமிடமும் தருவதிலேயே மரத்துக்குப் பொழுது போய்விடுகிறது. இருட்டிய பிறகுதான் ஓய்வு, அப்போதுதான் அதற்குள் குடியிருக்கும் ஆவிகள் தெரியும் என்பது கோண்டு நம்பிக்கை. அதனால் கறுப்புத் தாள் இங்கே வெறும் அழகுக்காக வந்ததல்ல, அதுதான் இரவு. கிளை பாம்பாகிறது, மானின் கொம்பு கிளையாகிறது. எது எங்கே முடிந்தது என்று கண் தேட வேண்டியிருக்கிறது. மஹுவாவும் வருகிறது. அது நம் இலுப்பைதான். நமக்கு ஆலையில்லா ஊரின் சர்க்கரை; கோண்டு மக்களுக்கு அந்தப் பூ உணவு, சாராயம், சடங்கு எல்லாமே.

கோண்டு ஓவியத்தில் வெளிக்கோடு எளிமையானது. உயிர் இருப்பது உள்ளே நிரப்பும் புள்ளி, பிறை, செதில், சிறு கோடுகளில். வீட்டுச் சுவரிலும் தரையிலும் போடும் ‘திக்னா’ கோலங்களின் மரபிலிருந்து இதைத் தாளுக்கும் கேன்வாஸுக்கும் 1980களில் கொண்டுவந்தவர் ஜன்கர் சிங் ஷ்யாம். பஜ்ஜு அவரிடம் உதவியாளராக இருந்து கற்றவர். ஒவ்வொரு ஓவியருக்கும் தனி நிரப்பு முறை உண்டு, கையெழுத்து மாதிரி. ஓவியர் பெயரை மறைத்துக்கொண்டு இலைக்குள் ஓடும் கோடுகளை மட்டும் பாருங்கள். நாலைந்து படங்களிலேயே மூன்று கைகளும் பிரிந்து தெரியத் தொடங்கும்.

பஜ்ஜுவின் மனம் எப்படி ஓடுகிறது என்று அறிய 2004-ல் வந்த ‘தி லண்டன் ஜங்கிள் புக்’கையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. லண்டன் உணவகம் ஒன்றின் சுவர்களில் ஓவியம் தீட்டப் போன இரண்டு மாத அனுபவம் அது. பிக் பென் கோபுரம் அதில் சேவலோடு ஒட்டிக்கொள்கிறது, இரண்டும் நேரம் சொல்பவை என்பதால். தவறாமல் வந்து நிற்கும் 30-ஆம் எண் பேருந்து விசுவாசமுள்ள நாய். ஒரு பொருள் எப்படி இருக்கிறது என்பதைவிட அது என்ன வேலை செய்கிறது என்பதைத்தான் அவர் முதலில் பார்க்கிறார். மரங்களிலும் அதே பார்வைதான்.

அச்சு விஷயத்துக்கு வருவோம். சில்க் ஸ்கிரீனில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி வலைச் சட்டகம். ஒரு நிறத்தை இழுத்து, தாளைக் காயவைத்து, அதன்பிறகே அடுத்தது. கறுப்புத் தாளில் மை மெல்லியதாக இருந்தால் உறிஞ்சப்பட்டு மங்கிவிடும். கெட்டியாக இருந்தால் வலைக்கண் அடைத்து, நுண்ணிய புள்ளிகள் விடுபடும். இந்தக் கோடுகளின் நுணுக்கத்துக்கு அது எவ்வளவு கடினம் என்பது அச்சுத் தொழிலாளிக்குத்தான் தெரியும். இரண்டாம் நிறம் மயிரிழை விலகியிருந்தால் குறை என்று திருப்பி அனுப்பாதீர்கள். கைவேலையில் அது வரும். கோடுகள் இரட்டையாகத் தெரியும் அளவுக்கு விலகியிருந்தால் மட்டும் மாற்றிக் கேளுங்கள். விரல் நுனியால் லேசாகத் தடவினால் மை மேடு தட்டுப்பட வேண்டும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் நிறம் முழுத்திட்டாக இருக்கும், வழக்கமான இயந்திர அச்சான ஆப்செட்டின் புள்ளி வலை தெரியாது.

எனக்கு ஒரே குறை, எதிர்ப் பக்கத்தில் வரும் வாசகம் மிகச் சுருக்கம். கதையின் நுனியைக் காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. அந்த மரத்தைச் சுற்றிய சடங்கையும் பருவத்தையும் இன்னும் நாலு வரி சொல்லியிருக்கலாம்.

கறுப்புத் தாளில் விரலின் எண்ணெய்ப் பசை உடனே பதியும், துடைத்தால் பளபளப்பாகி இன்னும் மோசமாகும். கையை உலர்த்திக்கொண்டு ஓரத்தைப் பிடித்துப் புரட்டுங்கள். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் கைத்தாள் அலையலையாக வளையும், ராமபாணப் பூச்சியும் வரும். அலமாரியில் படுக்கவைத்து, பக்கத்தில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். நெகிழி உறைக்குள் காற்றுப் புகாமல் அடைக்க வேண்டாம். உள்ளே மாட்டிய ஈரம் பூஞ்சையாகிவிடும்.