சைஸ் ஒன்றுதான் என்று சொல்லி விற்ற டயர்: வான் வைத்திருப்பவர்கள் கவனம்

கேம்பர் வான் (உள்ளேயே படுத்துச் சமைத்துப் பயணம் போகும் வான்) வைத்திருப்பவர்களும் வானைக் கேம்பராக மாற்ற நினைப்பவர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். போன ஏப்ரலில் பெரகலையிலிருந்து கொஸ்லாந்தைக்கு இறங்கும் வழியில், மனைவியும் இரண்டு பிள்ளைகளும் பின்னால் இருக்க, என் வானின் பின் டயர் வெடிக்கும் நிலைக்கு வந்துவிட்டது. அதற்குக் காரணம் பாதையும் இல்லை, ஓட்டமும் இல்லை. ஒரு கடைக்காரர் தெரிந்தே மாற்றி விற்ற டயர்.

என்னுடையது பழைய ஹயஸ். பல வருடம் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி ஓடிய வான். சீட்டுகளைக் கழற்றிவிட்டு, பலகைக் கட்டில், 60 லீட்டர் தண்ணீர்த் தாங்கி, கேஸ் சிலிண்டர், இரண்டாவது பேட்டரி, சின்ன பிரிஜ் எல்லாம் பூட்டியிருக்கிறேன். டயர் நான்கும் தேய்ந்திருந்தன. சீசனுக்கு முன்னால் மாற்றிவிடலாம் என்று ஒரு டவுன் கடைக்குப் போனேன். முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் கடைப் பெயரையும் ஊரையும் போடவில்லை.

முதலாளி பழைய டயரைக் குனிந்து பார்த்தார். 195/80 ஆர் 15. "நாலும் இருக்கு தம்பி, புதுச் சரக்கு" என்றார். மற்ற இடங்களைவிட டயருக்கு எட்டாயிரம் ரூபாய் குறைவு. "உள்ளே நிறையப் பாரம் இருக்கு முதலாளி, தாங்குமா?" என்று நான் வாய்விட்டுக் கேட்டேன். "சைஸ் ஒண்ணுதானே, பயப்படாமப் போடுங்க" என்றார். பூட்டிய பையன் நான்கிலும் காற்று 35 பி.எஸ்.ஐ (காற்றழுத்த அளவு) அடித்தான். போதுமா என்று கேட்டதற்கு, மலைப் பாதைக்குக் காற்று குறைவாக இருந்தால்தான் பிடிப்பு என்றான். பில் கேட்டேன். ஒரு துண்டுக் காகிதத்தில் '4 டயர்' என்று எழுதி, தொகையைப் போட்டுத் தந்தார்கள்.

ஹட்டனிலிருந்து நுவரெலியா வரை குளிரில் ஒன்றும் தெரியவில்லை. வெலிமடை தாண்டியதும் வளைவுகளில் வானின் பின்பக்கம் லேசாக ஆட ஆரம்பித்தது. தண்ணீர்த் தாங்கி அலம்புகிறது என்று நினைத்துக்கொண்டேன். பெரகலையில் திரும்பி வெயிலுக்குள் இறங்க இறங்க ஆட்டம் கூடியது, ஸ்டியரிங்கில் ஒரு துடிப்பும் சேர்ந்துகொண்டது. கொஸ்லாந்தை நெருங்கும்போது மகள் "அப்பா, என்னமோ கருகுற மணம்" என்றாள். ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தேன். இடது பக்கப் பின் டயரின் பக்கச் சுவரில் ஒரு கோழிமுட்டையைக் கவிழ்த்து வைத்தது போல வீக்கம். கையை வைத்த வேகத்தில் எடுத்துவிட்டேன், அவ்வளவு சூடு. வெளி விளிம்பில் றப்பர் நூல் நூலாக உரிந்திருந்தது. பிள்ளைகளை இறக்கி, வானை விட்டுத் தள்ளி, மேட்டுப் பக்கமாக நிற்க வைத்தேன். அப்போதுதான் எனக்குக் கை நடுங்கியது.

ஸ்பேர் டயரைப் போட்டு மெல்ல உருட்டிக்கொண்டு போய்ப் பஞ்சர் கடை ஒன்றில் நிறுத்தினேன். வயதான அண்ணன் ஒருவர். வீங்கிய டயரை உருட்டி, பக்கச் சுவரைத் துணியால் துடைத்து, சைஸுக்குப் பக்கத்தில் இருந்த எண்ணில் விரலை வைத்தார்.

"இத வாசிங்க தம்பி."

"96 எஸ்."

"உங்க ஸ்பேர்ல என்னா இருக்கு?"

ஸ்பேரில் 107/105 என்று இருந்தது. பின்னால் எல்.டி (பாரம் ஏற்றும் வாகன டயர் என்பதன் அடையாளம்) என்ற எழுத்தும்.

"இது புது ஜிம்னிக்குப் போடுற டயர். சின்ன ஜீப்பு. உங்க வானுக்கு இது எப்பிடித் தாங்கும்?"

விஷயம் இதுதான். 195/80 ஆர் 15 என்பது டயரின் அகலம், உயரம், ரிம் அளவு மட்டும். அது எவ்வளவு பாரம் தாங்கும் என்பதைச் சொல்வது அடுத்து வரும் எண். 96 என்றால் ஒரு டயருக்கு 710 கிலோ. 107 என்றால் 975 கிலோ. சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் 105, இரட்டைச் சில்லாகப் பூட்டும் வாகனத்துக்கு. ஊருக்குத் திரும்பியதும் லொறி நிறுக்கும் தராசில் பின் சில்லுகளை மட்டும் ஏற்றிப் பார்த்தேன். தண்ணீர் நிரப்பி, நாங்கள் எல்லோரும் உள்ளே இருக்க, 1,480 கிலோ. அந்த இரண்டு டயரும் சேர்ந்து தாங்கக்கூடியது 1,420. அதுவும் காற்று முழுசாக இருந்தால்தான். சரியான டயராக இருந்திருந்தால் 1,950 வரை தாங்கியிருக்கும்.

35 காற்று இன்னொரு தவறு. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், வழக்கமாகத் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஜப்பானிலிருந்து வந்த வானென்றால் ஜப்பான் எழுத்தில், கிலோபாஸ்கல் கணக்கில் இருக்கும். 100 கிலோபாஸ்கல் என்றால் 14.5 பி.எஸ்.ஐ. என் வானில் பின் டயருக்கு 350 என்று போட்டிருக்கிறது, அதாவது கிட்டத்தட்ட 51. உங்கள் வானில் வேறு எண் இருக்கலாம், அதைத்தான் பின்பற்ற வேண்டும். காற்று குறைந்தால் பிடிப்புக் கூடும் என்பது சேற்றில் மெதுவாக ஊர்கிற வண்டிக்குச் சரி. பாரத்தோடு தார் ரோட்டில் இறங்கும் வானில் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடிந்து நிமிர்ந்து சூடாகும், உள்ளே இருக்கும் நூல் படலம் விட்டுப்போகும். எனக்கு வந்த வீக்கம் அப்படி வந்ததுதான்.

காற்றைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன்னால் பாருங்கள். நுவரெலியாக் குளிரில் சரியாக அடித்த டயர், வெல்லவாய வெயிலில் ஓடி வந்து நின்றதும் கூடுதலாகக் காட்டும். அது சூட்டினால் வருவது, இறக்கிவிடாதீர்கள்.

திரும்பி வந்து நான்கு டயரையும் கழுவிப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. டி.ஓ.டி என்ற எழுத்து வரிசையின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் டயர் செய்த வாரம், அடுத்த இரண்டும் வருடம். இரண்டு டயரில் 2219. அதாவது 2019ஆம் ஆண்டின் 22ஆவது வாரம். அதைத்தான் புதுச் சரக்கு என்று தந்திருக்கிறார்.

கடைக்குப் போனேன். முதலாளி, "பாரம் ஏத்துனது நீங்க, சைஸ் சரிதானே" என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். துண்டுக் காகிதத்தைக் காட்டியபோது, "இதுல எங்கக் கடைப் பேரு இருக்கா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் எல்லாம் விளங்கிவிட்டது. தவறிப்போய்த் தந்த டயர் இல்லை இது. பிள்ளைகள் ஏறும் வண்டி என்று தெரிந்துதான் தந்திருக்கிறார். அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, கேட்டால் கடைக்காரர் பற்றுச்சீட்டுத் தந்தாக வேண்டும். அதில் கடைப் பெயர், டயரின் பிராண்ட், சைஸ், பார எண், டி.ஓ.டி இலக்கம் எல்லாம் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் காசைக் கொடுக்காமல் இறங்கி வாருங்கள். ரிம்மில் பூட்டுவதற்கு முன்னால் பக்கச் சுவரைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். என்னிடம் அந்தப் படம் இல்லை. அதனால்தான் டயர் அவர் கடையில் வாங்கியது என்று காட்ட இவ்வளவு அலைகிறேன்.

வீங்கிய டயரை விசாரணைக்காக வீட்டில் வைத்திருக்கிறேன். வானில் இப்போது 107 போட்டிருக்கிறேன், பின்னால் 51 காற்று. வெலிமடை வளைவுகளில் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். தண்ணீர்த் தாங்கி நிறைய இருந்தும் பின்பக்கம் ஆடவில்லை.